கப்பல் மூழ்கினாளா, மூழ்கியதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மொழிபெயர்த்துப் போடப்படும் கப்பற் செய்திகளில் "அவள் தன் கன்னிப் பயணத்தில் மூழ்கினாள்" என்ற நடை அடிக்கடி தலைகாட்டுகிறது. ஆங்கிலத்தில் கப்பலை 'ஷீ' என்பதால் வந்த வினை. இத்தனைக்கும் பழைய ஆங்கிலத்தில் கப்பல் என்ற சொல் ஆண்பாலுமல்ல, பெண்பாலுமல்ல. லண்டனின் பழைய கப்பற் பத்திரிகையான லொயிட்ஸ் லிஸ்ட் 2002இல் 'ஷீ'யைக் கைவிட்டு 'இட்' என்று எழுதத் தொடங்கியது. அவர்களே விட்டதை நாங்கள் ஏன் கட்டியழுவான்?

எங்கள் வழக்கில் பெயர் வேறு, வினை வேறு. கொடிகாமம் ஸ்ரேசனில் ரயிலுக்கு நிற்பவர் "யாழ்தேவி வந்திட்டுது" என்பார், "வந்திட்டா" என்னமாட்டார். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி அம்மாள் என்ற கப்பலுக்கும் 'அடைந்தது'தான்.

திணை மாற்றிப் பேசவே கூடாது என்பதல்ல. நாவலர் காண்டிகையுரை எழுதிய நன்னூல் அதற்கு ஐந்து காரணங்களை ஒப்புக்கொள்கிறது: உவப்பு (மகிழ்ச்சி), உயர்வு, சிறப்பு, செறல் (கோபம்), இழிப்பு. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது உவப்பு. செறலுக்கு உரைநூல் தேடத் தேவையில்லை, கறாச்சுக்குப் போனால் போதும். ஒழுங்காக ஓடும்வரை ஏ 40 கார் 'அது'. பற்றரி இறங்கி, ஹாண்டில் போட்டுச் சுத்தியும் பிடிக்காத காலமையில் "இவர் இண்டைக்கு வெளிக்கிடமாட்டார்" என்று மரியாதை கூடிவிடும்! செய்தி எழுதுபவருக்கோ கப்பல்மேல் உவப்புமில்லை, கோபமுமில்லை.

திருத்துவது சுலபம். 'அவளது குழுவினர்' என்பதைக் 'கப்பலின் மாலுமிகள்' ஆக்குங்கள். 'சகோதரிக் கப்பல்' என்றால் அதே வரைபடத்தில் கட்டப்பட்ட இன்னொரு கப்பல், அப்படியே எழுதலாம். 'கன்னிப் பயணம்' வெறும் முதற் பயணம். அதை 'வெள்ளோட்டம்' என்றும் மாற்றக்கூடாது. புதுத் தேரை ஓட்டிப் பார்ப்பதுபோல, பயணிகளை ஏற்றுமுன் நடக்கும் சோதனை ஓட்டமே வெள்ளோட்டம். டைட்டானிக் மூழ்கியது சோதனையில் அல்ல, பயணிகளோடு போன முதற் பயணத்தில்.

கணினி மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவோர், அச்சுக்குப் போகுமுன் 'அவள்' என்ற சொல்லையும் '-ஆள்' என முடியும் வினைகளையும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். அதே செய்தியில் பெண் கப்டன் ஒருவர் இருந்தால், யார் மூழ்கியது என்றே வாசகருக்கு விளங்காது.

தமிழாசிரியர் ஒருவர்,
கொக்குவில்.