வீடு வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூரில் பழைய வீடு வாங்குகிறவர்கள் 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள். சுவிட்ச் போர்டைக் கழற்றிக் காட்டச் சொல்பவர்கள் குறைவு.

அதிக ஆபத்து எர்த்தில்தான், அதாவது கசியும் கரன்டை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பில்தான். சத்துவாச்சாரி போன்ற மலையடிவாரப் பகுதியில் பாறைத் தரை. கோடையில் எர்த் குழி காய்ந்து அதன் மின்தடை (ஓம்) ஏறிவிடும். அது 20 ஓம் என்று வையுங்கள். கிரைண்டர் பாடியில் ஃபேஸ் (கரன்ட் வரும் ஒயர்) பட்டால் 230 வோல்ட்டில் ஓடுவது 11.5 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரன்ட் ஓடினால் தானே விழும் சுவிட்ச்) விழவே விழாது; பாடியில் கரன்ட் அப்படியே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) இருந்தால் நொடிக்குள் விழுந்துவிடும். அது இல்லாத வீட்டை வாங்கினால், குடியேறும் முன்பே போட்டுவிடுங்கள். எர்த்தை மீட்டர் வைத்து அளக்கச் சரியான காலம் சித்திரை, வைகாசி. மழைக்காலத்தில் அளந்தால் கெட்ட எர்த்தும் நன்றாகத்தான் காட்டும்.

இன்னொன்று இதைவிடக் கொடியது. எர்த் ஒயர் இழுக்காமல், பிளக் பாயின்ட்டுக்கு உள்ளேயே நியூட்ரலிலிருந்து (கரன்ட் திரும்பிப் போகும் ஒயர்) எர்த் முனைக்கு ஒரு துண்டு ஒயரைக் கோத்து விடுகிறார்கள். டெஸ்ட் லாம்ப் பிரகாசமாக எரியும், எல்லோரும் திருப்தியடைவார்கள். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் ஃபிரிட்ஜ் கதவிலேயே கரன்ட் வரும். உரிமம் பெற்ற ஒயர்மேனை வைத்துப் பாருங்கள். இன்வெர்ட்டரை நிறுத்தி, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் மெயினை இறக்கி, பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு, கரன்ட் இல்லை என்று உறுதி செய்தபின் நியூட்ரல் துளைக்கும் எர்த் துளைக்கும் நடுவே மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைக்க வேண்டும். பீப் வந்தால் இரண்டும் எங்கோ இணைந்திருக்கின்றன; அந்தப் பிளேட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

ஏ.சி., கீசர் லைனில் 4 சதுர மி.மீ. காப்பர் ஒயர் இருப்பது நல்லது. 2.5 ஒயரில் 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருந்தால், அடிக்கடி விழுகிறதே என்று யாரோ மாற்றியிருக்கலாம், எம்.சி.பி. விழும் முன் ஒயர் கருகும். அலுமினிய ஒயரைக் காப்பரோடு முறுக்கிய ஜாயின்ட்டும் அப்படித்தான், நாளடைவில் தளர்ந்து சூடேறும். ஓதம் ஏறிய சுவர் இருந்தால் 500 வோல்ட் மெகர் (ஒயர் உறையின் மின்தடையை அளக்கும் மீட்டர்) போடச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைனை மாற்ற வேண்டும்.

இவ்வளவையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே செய்யுங்கள். எந்தக் குறையை யார் செலவில் சரிசெய்வது என்பதைக் கிரய ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பத்திரம் பதிவான பிறகு கேட்டால் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

இப்படிக்கு,
மின் கம்பியாளர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.