பெயர் போடாத நன்றி

சீனாவின் வடமேற்கில் இருக்கும் ஷின்ஜியாங்கைத் தாயகமாகக் கொண்ட முஸ்லிம் இனமான உய்குர் மக்களைப் பற்றி நான் எழுதிய தொடர் போன மாதம் முடிந்தது. இனி புத்தகமாக வரப்போகிறது. கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்கி, உதவியவர்கள் பெயரையெல்லாம் வரிசையாகப் போட்டு நன்றி சொல்வதுதான் வழக்கம். இந்தத் தடவை அதற்கு வழியில்லை. உதவியவர்களில் பலருக்கு ஷின்ஜியாங்கில் அம்மாவோ அண்ணனோ அத்தை மகளோ இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர் வாய் திறந்தால், ஊரில் இருப்பவர் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டுகிறது. பெயர் போடுவதில் சிக்கல் இல்லாத நண்பர்களும் "அப்படியானால் எங்கள் பெயரும் வேண்டாம்" என்றுவிட்டார்கள். சரி, நல்லதுதான்.

இஸ்தான்புல்லில் ஸெய்தின்புர்னு பகுதியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் அந்தத் தம்பதிக்குத்தான் பெரிய கடன் பட்டிருக்கிறேன். மனிதர் லக்மன் என்ற கையால் இழுக்கும் நூடுல்ஸ் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எண்ணெய் தடவிச் சுருட்டி வைத்த மாவை இரண்டு கையிலும் இழுத்து, மேடையில் அடித்து, மறுபடி மடித்து இழுப்பார். பேச்சும் நிற்காது. கடைச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன, ஒன்று உள்ளூர் நேரத்துக்கு, இன்னொன்று ஷின்ஜியாங்கின் தலைநகரான உரும்ச்சியின் நேரத்துக்கு. சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரம்தான் சட்டப்படியான நேரம். உய்குர்கள் அதற்கு இரண்டு மணி நேரம் பின்தள்ளி வைத்த கணக்கில் வாழ்கிறார்கள். கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்தே ஒருவர் எந்தப் பக்கம் என்று ஊகித்துவிடலாம்.

அந்த அம்மா அதிகம் பேசவில்லை. 2017-இல் ஊரிலிருக்கும் தன் தாயார் கடைசியாகப் பேசியபோது, "நாங்கள் நன்றாக இருக்கிறோம், இனிமேல் கூப்பிடாதே" என்றாராம். அதன்பிறகு வீசாட் என்ற சீனச் செயலியில் மகளின் தொடர்பே நீக்கப்பட்டுவிட்டது. சென் சுவாங்குவோ 2016-இல் ஷின்ஜியாங்கின் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளராக வந்த அடுத்த ஆண்டு அது. அரசு 'தொழிற்பயிற்சி மையம்' என்று சொன்ன முகாம்களுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்டிருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் மதிப்பீடு. அந்த எண்ணிக்கையை எத்தனையோ முறை எழுதிவிட்டேன். அந்த அம்மா சொன்ன பிறகுதான் அது எனக்கு உறைத்தது. சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள், அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சீன மொழி தெரிந்த நண்பர் ஒருவர் மக்கள்தொகை அட்டவணைகளோடு மல்லுக்கட்டினார். 1953 கணக்கெடுப்பில் ஷின்ஜியாங்கில் உய்குர்கள் முக்கால் பங்கு, சீனாவின் பெரும்பான்மை இனமான ஹான் சீனர்கள் அங்கே நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 2020-இல் உய்குர் சுமார் 45 சதவீதம், ஹான் சுமார் 42. 1954-இல் தொடங்கிய 'பிங்துவான்' என்ற அமைப்பின் கதையையும் அவர்தான் புரியவைத்தார். படையிலிருந்து விடுவித்த வீரர்களைக் குடியமர்த்தி, பண்ணை, ஆலை, நகரம், நீதிமன்றம் எல்லாம் தனக்கென்று வைத்துக்கொண்ட அமைப்பு அது. மண்ணும் தண்ணீரும் வேலையும் யார் கைக்குப் போயின என்று பார்க்காமல் இந்தச் சண்டையைப் பற்றிப் பேச முடியாது.

அப்புறம், என்னோடு சண்டை போட்ட பேராசிரியர். ஓய்வு பெற்றவர், விடவே மாட்டார். உய்குர் தீவிரவாதிகளின் வேலை என்று அரசு சொன்ன தாக்குதல்களில், 2014 மார்ச்சில் தென்மேற்குச் சீனாவின் குன்மிங் ரயில் நிலையத்தில் கத்தியால் வெட்டிக் கொல்லப்பட்ட 31 பேரையும், அதே ஆண்டு மே மாதம் உரும்ச்சி சந்தையில் குண்டுக்குப் பலியானவர்களையும் ஓரமாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்றார். அந்த அத்தியாயம் நீண்டது அவரால்தான். தனி நாடு கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1933-இல் ஷின்ஜியாங்கின் காஷ்கர் நகரில் அறிவித்த தனிக் குடியரசு சில மாதங்களில் விழுந்தது, 1944-இல் அங்கேயே குல்ஜா நகரில் அறிவித்தது கொஞ்சம் கூடுதலாக நின்றது.

ஆனால் உய்குர் அறிஞர் இல்ஹாம் தோஹ்தி அந்த வரிசையில் வரமாட்டார் என்பதில் பேராசிரியரும் நானும் ஒரே கட்சி. பெய்ஜிங் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளாதாரம் கற்பித்தவர். 1984-இல் சீனாவே இயற்றிய சுயாட்சிச் சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்துங்கள் என்றுதான் கேட்டார். 2014 ஜனவரியில் கைது, செப்டம்பரில் பிரிவினைவாதி என்று ஆயுள் தண்டனை. பேசக்கூடிய ஆளைப் பூட்டி வைத்துவிட்டு வேறு யாரோடு பேசப்போகிறார்களோ தெரியவில்லை. நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ரஹிலே தாவுத் 2017 டிசம்பரில் காணாமல் போனார். அவருக்கும் ஆயுள் தண்டனை என்று 2023-இல்தான் வெளியே தெரிந்தது. தர்காக்களையும் கதைப்பாட்டுகளையும் தேடி ஊர் ஊராக அலைந்ததைத் தவிர அவர் என்ன செய்தார்? அவருடைய கட்டுரைகளை எனக்கு வரிவரியாக விளக்கிய, துத்தார் என்ற இரண்டு தந்தி வாத்தியம் வாசிக்கும் மாணவிக்கு நன்றி.

திட்டி எழுதிய வாசகர்களுக்கும் நன்றி உண்டு. "முஸ்லிம் நாடுகளே சும்மா இருக்கும்போது உனக்கென்ன?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கேள்விதான் என்னை ஐ.நா. வாக்குப் பட்டியலுக்குள் தள்ளியது. ஷின்ஜியாங்கில் நடந்தவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்ட் 31-இல் அறிக்கை தந்தது. அதைப் பற்றி விவாதிக்கலாமா என்று மட்டும் அக்டோபரில் மனித உரிமைக் கவுன்சிலில் கேட்டார்கள். வேண்டும் என்று 17, வேண்டாம் என்று 19. பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார் எல்லாம் வேண்டாம் என்றன. முஸ்லிம் நாடுகளில் சோமாலியா மட்டும் வேண்டும் என்றது. ஒதுங்கி நின்ற 11 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எனக்கு வெட்கமாக இருந்தது, வாசகருக்கு இருக்காது என்று நினைக்கிறேன். ஆனாலும் கேட்டாரே!

மெய்ப்பு பார்த்த தோழி, வரைபடம் போட்டுக் கொடுத்த தம்பி, இவர்கள் இருவரும் பணம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அட்டைக்குக் காஷ்கரின் ஈத்கா பள்ளிவாசல் படத்தைத்தான் முதலில் எடுத்து வைத்திருந்தோம். சுற்றுலா விளம்பரத்திலெல்லாம் அதைத்தான் போடுகிறார்கள், வேண்டாம் என்றாள் துத்தார் மாணவி. தம்பியின் வரைபடத்தையே அட்டையில் போடுகிறோம்.