சிகரெட் பெட்டியில் இருக்கும் நம்பர்

அன்புள்ள சரவணனுக்கு,

சிகரெட்டை விடப்போவதாகச் சொன்னாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா" என்பாய்; அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வாங்கும் பெட்டியிலேயே 1800-11-2356 என்று போட்டிருக்கும். 2018 செப்டம்பரிலிருந்து எல்லாப் பெட்டியிலும் அச்சிடுகிறார்கள். சிகரெட்டை விட உதவும் மத்திய அரசின் இலவச எண், தமிழிலேயே பேசலாம். உங்கள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் இதற்கு ஒரு மையம் உண்டு. திட்டமாட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை, எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்பார்கள். நிறுத்தும் தேதியை நீயே குறிக்கவேண்டும். அதன்பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள். அந்தப் போனை மட்டும் எடுக்காமல் விட்டுவிடாதே.

ஆசையை அடக்க நிகோடின் சூயிங்கம் உண்டு. முதல் சிகரெட் எழுந்த அரை மணிக்குள் என்றால் 4 மி.கி. நிகோடின் சூயிங்கம், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். அதற்கப்புறம்தான் என்றால் 2 மி.கி. போதும், மருந்துக்கடையில் நேராகவே கிடைக்கும்.

பலர் கோட்டை விடுவது மெல்லும் விதத்தில். பபிள்கம் மாதிரி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். "இது நமக்கு ஒத்துக்கலை" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். மெதுவாக நாலைந்து தடவை மெல்லு. காரம் ஏறியதும் வெற்றிலையை அடக்குகிற மாதிரி கன்னத்தில் அடக்கு. காரம் போனதும் மறுபடி மென்று, மறுபக்கம் அடக்கு. அரை மணி நேரம் இப்படி. போடுவதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி, டீ, ஜூஸ் வேண்டாம். அந்தப் புளிப்பு நிகோடினை வாய்க்குள் இழுக்கவிடாது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஆசை வந்து ஆட்டும்வரை காத்திருக்காதே.

காபியைப் பாதியாகக் குறைத்துவிடு. புகை காஃபினைச் சீக்கிரம் கரைக்கும். நிறுத்தினால் அதே காபி உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வர, சிகரெட் இல்லாததால்தான் என்று நினைத்துப் பற்றவைப்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டாம் மூன்றாம் நாள்தான் கடுமை. ஒவ்வொரு ஆசையும் சில நிமிஷம்தான் நிற்கும். டீக்கடைப் பக்கம் போகாதே. தவறி ஒன்று பிடித்துவிட்டால் அன்றைக்கே அந்த எண்ணுக்குப் போடு. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியைக் காலி பண்ணாதே.

சூயிங்கத்தைப் பாப்பா கைக்கு எட்டாமல் வை. மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும்; குழந்தைக்கு அது விஷம்.

அன்புடன்,
அம்மா