மதினி, நீங்கள் கேட்டதற்குப் பதில்

அன்புள்ள மதினிக்கு,

திருவிழா அன்று ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமலே வந்துவிட்டேன். பாப்பாவின் தலையணைக்கு அடியில் இருந்த புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, அட்டையில் வாளோடு நிற்கிற பெண்ணைக் காட்டி, "இந்தப் பிள்ளை அப்படி என்னதான் செய்யுது? நீயும் நாப்பது வயசுல இதைத்தான் படிக்கிற, என் மகளுக்கும் இதையே பழக்கிவிட்டிருக்க" என்றீர்கள். அதில் கோபம் பாதி, தெரிந்துகொள்ளும் ஆசை பாதி என்று எனக்குப் பட்டது. அதற்குள் அண்ணன் கூப்பிட்டுவிட்டார், கடைசி பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. குமுளி வந்து இறங்கும்வரை அந்தக் கேள்விதான் மனசில் ஓடியது. வேறு சில அம்மாக்களும் இதையே கேட்டிருக்கிறார்கள் என்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். ஆனாலும் இது உங்களுக்கு எழுதும் கடிதம்தான்.

வாள் பிடிக்கிற பெண்கள் வரும் இந்த இங்கிலீஷ் மாயாஜால நாவல்கள் எனக்கு எப்படிக் கிடைத்தன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தேக்கடியில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம், எனக்கு அப்போது 22 வயசு. யானை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் படித்து முடித்த புத்தகத்தைத் திரும்பத் தூக்கிப் போக மாட்டார்கள், வரவேற்பறை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். நம்ம ஊர் ஈரத்தில் அது ஒரே மழைக்காலத்தில் உப்பிப் பூஞ்சை பிடித்துவிடும். அப்படி உப்பிப்போன ஒன்றுதான் 'சாப்ரியல்'. ஆஸ்திரேலியக்காரர் கார்த் நிக்ஸ் எழுதி 1995-ல் வந்த நாவல். என் இங்கிலீஷ் அப்போது பில் போடுகிற அளவுதான், ஒரு பக்கம் படிக்கவே அரை மணி நேரம் ஆகும். ஆனாலும் விட முடியவில்லை, அதற்குக் காரணம் அதில் வரும் சுவர்.

இரண்டு நாடுகளுக்கு நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் வானம் தெளிவாக இருக்கும், அதே நேரத்தில் அந்தப் பக்கம் பனி கொட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் மோட்டார், துப்பாக்கி என்று எல்லாம் உண்டு, ஆனால் மந்திரம் நடக்கிற அந்த வடக்குப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் ஒன்றும் வேலை செய்யாது. அதனால் அங்கே காவலுக்கு நிற்கும் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வாளும் வைத்திருப்பார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரமமாகவே இல்லை மதினி. கம்பத்தில் புழுதி பறக்க பஸ் ஏறி, லோயர் கேம்ப் தாண்டி மலையேறி, குமுளியில் இறங்கினால் மஞ்சு முகத்தில் அடிக்கிறது. ஜூன் மாசத்தில் உங்களுக்கு வெறும் காற்றும் சாரலும், எங்களுக்கு அடைமழை. கேட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்ட், நாலு எட்டு வைத்தால் கேரளம், போர்டில் எழுத்து மாறிவிடும், கடையில் கணக்குப் பேசும் பாஷை மாறிவிடும். எல்லையில் வாழ்வது எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கேயோ இருக்கிற ஒருவர் என் ஊரைப் பற்றி எழுதிவிட்டார் என்றே நினைத்தேன்.

சரி, அந்தப் பிள்ளை என்ன செய்கிறாள் என்றுதானே கேட்டீர்கள்? பாப்பாவின் புத்தக அட்டையில் இருந்தவளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், முதலில் என் சாப்ரியல். அவளுக்கு 18 வயசு. சுவருக்கு இந்தப் பக்கம் விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். அவள் அப்பாவுக்கு ஒரு வேலை உண்டு: செத்தவர்கள் உயிரோடிருக்கிறவர்களைத் தேடித் திரும்பி வந்தால், அவர்களை மறுபடி சாவுக்கே அனுப்பி அங்கேயே இருக்கச் செய்ய வேண்டும். அதற்கு அவரிடம் ஏழு மணிகள் இருக்கின்றன. ஒன்று தூங்க வைக்கும், ஒன்று எழுப்பும், ஒன்று நடக்க வைக்கும், ஒன்று கட்டிப் போடும். ஏழாவதை அடித்தால் கேட்கிறவர்களும் சாவுக்குள் போவார்கள், அடித்தவரும் போவார். ஒருநாள் அப்பாவின் வாளும் அந்த மணிகளும் மட்டும் அவள் கைக்கு வந்து சேர்கின்றன, அப்பா வரவில்லை. அப்பா சாவுக்குள் மாட்டிக்கொண்டார் என்று புரிந்துகொண்டு, தான் வளராத நாட்டுக்குள், சரியாகத் தெரியாத வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரைத் தாண்டிப் போகிறாள். அந்தக் கதையில் சாவு என்பது ஒரு ஆறு, ஒன்பது வாசல் உள்ள குளிர்ந்த ஆறு. அவள் அதற்குள் இறங்கினால் கரையில் நிற்கிற அவள் உடம்பில் பனி படிந்துவிடும். அவள் பயப்படுகிறாள், களைத்துப்போகிறாள், தப்பும் செய்கிறாள். ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதை அவளேதான் முடிவு செய்கிறாள். முடிவை நான் சொல்ல மாட்டேன்.

அம்மா நமக்கெல்லாம் அல்லி அரசாணி கதை சொல்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? மதுரையை ஆண்டவள், ஆண் வாடையே ஆகாதவள், எல்லாரையும் நடுங்க வைத்தவள். அம்மா சொல்லும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். அப்புறம் அர்ச்சுனன் பாம்பு உருவத்தில் அவள் அறைக்குள் புகுந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிடுவான். நான் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் எழுந்து போய்விடுவேன். அம்மா சிரிப்பார்கள். எனக்கு நிஜமாகவே அழுகை வரும்.

கண்ணகியைச் சொல்வீர்கள். கண்ணகி மேல் எனக்கு இருக்கிற பாசம் உங்களுக்குத் தெரியும், சித்ரா பௌர்ணமிக்கு வருஷம் தவறாமல் மங்கலதேவி மலைக்குப் போகிறவள் நான். நீங்கள் பளியங்குடி வழியாக நடந்து ஏறி வருவீர்கள், நான் குமுளியிலிருந்து ஜீப்பில் வருவேன், மேலே சந்தித்துக்கொள்வோம். ஆனால் அந்த மலையில் நிற்கும்போது ஒவ்வொரு வருஷமும் எனக்கு ஒரு நினைப்பு வரும். கோவலன் வெட்டுப்படும்வரை அவள் குரலை எத்தனை இடத்தில் கேட்டோம்? அவன் போன பிறகு அவள் ஊரையே எரிக்கிறாள், நடந்து இந்த மலைக்கு வருகிறாள், வேங்கை மரத்தடியில் நிற்கிறாள், 14 நாளில் வானம் ஏறிவிடுகிறாள். அதோடு தெய்வம். காட்டுக்குள் வருஷத்துக்கு ஒரு நாள் திறக்கிற கோயில். நீலியைக் கட்டினவனே கொன்றான், அவள் பேயானாள். தேனிப் பக்கம் ஊர் ஊராக இருக்கிற பெண் தெய்வங்களின் கதையைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் அநியாயமாகச் செத்த பிள்ளைகள். நம்ம கதைகளில் ஒரு பெண்ணுக்குப் பலம் வந்தால் பெரும்பாலும் அவள் சாமியாகிறாள், இல்லை பேயாகிறாள். கும்பிடலாம், பயப்படலாம், ஆனால் அவளைப் போல ஆக வேண்டும் என்று ஒரு 15 வயசுப் பிள்ளை எப்படி நினைப்பாள்?

நான் சொல்ல வந்ததே இதுதான் மதினி. இந்த நாவல்களில் வருகிற பெண் ஜெயித்த பிறகும் மனுஷியாகவே இருக்கிறாள்.

பாப்பா படிப்பது ராபின் மெக்கின்லி 1984-ல் எழுதிய 'த ஹீரோ அண்ட் த கிரவுன்'. குழந்தை இலக்கியத்துக்கு அமெரிக்காவில் கொடுக்கிற நியூபெரி பதக்கம் 1985-ல் அதற்குக் கிடைத்தது. அட்டையில் நீங்கள் பார்த்தவள் பேர் ஏரின். ராஜா மகள்தான், ஆனால் அவள் அம்மா சூனியக்காரி என்று அரண்மனையில் ஒரு பேச்சு, அதனால் யாருக்கும் அவளை ஆகாது. போரில் அடிபட்டு நொண்டியாகி மேய்ச்சலுக்கு விடப்பட்ட அப்பாவின் பழைய குதிரையிடம் போய் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பாள், கடைசியில் அந்தக் குதிரையைத்தான் பழக்கி ஏறுகிறாள். ஒரு பழைய புத்தகத்தில், நெருப்பு சுடாமல் காக்கும் களிம்பு ஒன்றுக்குச் செய்முறை எழுதியிருக்கிறது. என்னென்ன சேர்க்க வேண்டும் என்று இருக்கிறதே தவிர அளவு இல்லை. அவள் கலக்கிக் கலக்கிப் பார்க்கிறாள், விரலில் பூசி நெருப்பில் காட்டுகிறாள், சுடுகிறது, மறுபடி கலக்குகிறாள். நெடுநாள் இதுவே வேலை. எனக்கு அந்தப் புத்தகத்திலேயே ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், சண்டை எல்லாம் அப்புறம். ஏலத் தோட்டத்தில் நீங்கள் குனிந்து சரத்தில் கை வைத்தால் பிஞ்சு ஒன்றுகூட உதிராமல் பழுத்த காய் மட்டும் கையோடு வருகிறதே, அது எத்தனை வருஷத்துப் பழக்கம்? புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு நீங்கள்தானே கையைப் பிடித்துக் காட்டுகிறீர்கள்? ஏரினின் பலம் அந்த மாதிரியானது. வரத்தில் வந்ததில்லை.

அவள் பெரிய டிராகனைக் கொல்கிறாள். நெருப்பைக் கக்குகிற, பாம்பு மாதிரியான பெரிய மிருகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாலை மரியாதையோடு கதை முடியவில்லை. வெந்த உடம்போடு வீடு வருகிறாள், இருமல் நிற்கவில்லை, சோறு இறங்கவில்லை. டிராகனின் மண்டையோட்டை ஊர்க்காரர்கள் பெருமையாக அரண்மனையில் கொண்டுவந்து வைக்கிறார்கள், அது அவளிடம் பேசுகிறது, நீ ஒன்றுமில்லை என்கிறது. ஜெயித்தவளுக்குத்தான் அது கேட்கிறது. எனக்கு ஆபரேஷன் ஆகி ஆறு மாசம் படுத்திருந்தபோது, எல்லோரும் "அதான் பொழச்சுட்டியே" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் திரும்பத் திரும்பப் படித்தது இந்தப் பகுதியைத்தான். பிழைத்த பிறகும் கஷ்டம் உண்டு என்று எனக்குச் சொன்னது அந்தப் புத்தகம் ஒன்றுதான்.

இன்னொன்று. டமோரா பியர்ஸ் 1983-ல் எழுதிய ஒரு கதையில் அலன்னா என்ற பெண், வீரனாகப் பயிற்சி எடுப்பதற்காக ஆண்பிள்ளை வேஷத்தில் அரண்மனையில் இருப்பாள். ஒருநாள் காலையில் எழுந்தால் ரத்தம். எங்கேயோ காயம் என்று பயந்து, மருத்துவம் தெரிந்த ஒரு அம்மாவிடம் ஓடுவாள். அந்த அம்மா உட்கார வைத்து எல்லாப் பெண்ணுக்கும் வருவதுதான் என்று விளக்குவார். அவ்வளவுதான், கதை மேலே போகிறது, அவள் மறுபடி வாள் பழகுகிறாள். பாப்பா வயசுக்கு வந்த சமயத்தில் பந்தலும் சீரும் அமர்க்களப்பட்டபோது அவள் மூலையில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாளே, அந்த வாரம்தான் நான் அவளுக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். அப்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு.

எல்லாப் புத்தகமும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். சிலதில் பலசாலிப் பெண் என்றால் எல்லாரிடமும் வெடுக்கென்று பேசுகிறவள், நாலு பேரை அடிக்கிறவள் என்பதோடு நின்றுவிடுகிறது. கூட இருக்கிற மற்றப் பெண்களை எல்லாம் அற்பமாகக் காட்டினால்தான் இவள் உயரமாகத் தெரிவாள் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அதை நான் பாதியில் மூடிவிடுவேன். பெரியவர்களுக்கான படுக்கையறைச் சங்கதிகள் நிறைந்த புத்தகங்களும் இதே மாதிரி அட்டையோடு வருகின்றன. அதனால் நான் முழுக்கப் படிக்காத எதையும் பாப்பாவிடம் கொடுப்பதில்லை. கிறிஸ்டின் கஷோர் எழுதிய 'கிரேஸ்லிங்' என்று 2008-ல் வந்த ஒன்று, எனக்கு உயிர். அதில் கட்சா என்பவள், தான் விரும்புகிறவனிடமே எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்கிறாள், அவன் பாம்பாக எல்லாம் வராமல் அதைக் கேட்டுக்கொள்கிறான். அல்லிக்கு அழுத எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். ஆனாலும் அதை இன்னும் ரெண்டு வருஷம் கழித்துத்தான் அவளுக்குத் தருவேன். அதற்கு முன்னால் உங்களிடம் கேட்பேன்.

படிப்பு கெடுகிறது என்ற உங்கள் கவலைக்கு நான் ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை. பரீட்சைக்கு முந்தின மாசம் புத்தகத்தை எல்லாம் நீங்களே வாங்கிப் பூட்டி வையுங்கள், நானும் அவளிடம் பேசுகிறேன். ஆனால் எடைக்குப் போட்டுவிடுவேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்று அவள் முகத்தை நான் பார்த்தேன்.

அப்புறம் ஒரு யோசனை. காலையில் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகத் தோட்டத்துக்கு ஜீப்பில் போகும்போது நீங்கள் எல்லோரும் செல்போனில் பாட்டுத்தானே கேட்கிறீர்கள்? நான் சாப்ரியல் கதையைத் தமிழில் சொல்லி, ஒரு நாளைக்கு ஒரு துண்டாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அலுத்தால் நிறுத்திவிடுங்கள், கோபிக்க மாட்டேன். முதல் துண்டு இன்று ராத்திரி வந்துவிடும். அதில் ஒரு மழைநாளில் ஒரு குழந்தை செத்துப் பிறக்கிறது, தாயும் போய்விடுகிறாள். பக்கத்தில் மருத்துவச்சி கையில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்த இடத்தில் அணைத்துவிடாதீர்கள் மதினி, குழந்தையைத் திரும்பக் கூட்டிவர அதன் அப்பா அந்த ஆற்றுக்குள் இறங்குகிறார்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்,
குமுளி