கழிப்பறை வரிசையையும் மறக்க வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் லெஸ்பியன் பார்கள் பல மூடப்பட்டது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாடகை ஏறியது, செல்போனிலேயே பழகிக்கொள்ள முடிகிறது, சரி, இதெல்லாம் உண்மைதான். சான் பிரான்சிஸ்கோவில் 1997இல் தொடங்கிய லெக்சிங்டன் கிளப் என்ற பார் 2015இல் மூடியபோது, அங்கே வந்துபோன பெண்களாலேயே அந்தப் பகுதியில் வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியாத நிலை. ஆனால் மூடிய இடங்களை இப்போது யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. அந்த வேலையைக் கலைஞர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மேக்கன் ரீட் என்ற கலைஞர் அப்படிப்பட்ட ஒரு பாரையே கலைக்கூடத்துக்குள் கட்டினார். கவுன்ட்டர், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ், பில்லியர்ட்ஸ் மேசை எல்லாம் பளீரென்ற நிறங்களில். சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போக இல்லை, பழைய பார்களில் பழகிய மூத்தவர்களும் அவற்றைப் பார்த்தே இராத இளையவர்களும் அங்கேயே உட்கார்ந்து பேசவும்தான். (பார் என்றதும் நமக்கு டாஸ்மாக் ஞாபகம் வரும், அதை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் இதைப் படிக்க வேண்டும்.) அதற்கும் வெகுகாலம் முன்பே, 1930களில், பாரிஸின் லெ மோனோக்ள் பாரில் கோட் சூட் போட்ட பெண்களை பிரஸ்ஸாய் என்ற புகைப்படக் கலைஞர் படம் எடுத்திருக்கிறார்.

எனக்கு ஒரு குறை உண்டு. இப்படி நினைவுகூரும்போது பழைய காலம் ரொம்ப இனிப்பாகிவிடுகிறது. நியூயார்க்கில் சீ காலனி என்ற பாரில் கழிப்பறைக்குள் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடுவார்கள், வாசலில் ஒரு பெண் நின்று காகிதத்தை அளந்து கையில் சுற்றிக் கொடுப்பார், எல்லாம் போலீஸ் பயத்தில். அந்த வரிசையில் நின்றதை எழுதிவைத்தவர் ஜோன் நெஸ்ல். 1974இல் நியூயார்க்கில் லெஸ்பியன் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அதே ஊரில் பாகடெல் என்ற பாரில், கூட வந்த வெள்ளைக்காரத் தோழிகளைவிட மூத்தவரான கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டிடம் மட்டும் வயதுச் சான்று கேட்டிருக்கிறார்கள். ஜூக்பாக்ஸ் செய்கிறவர்கள் அந்தக் கழிப்பறைக் கதவையும் செய்துவைக்கட்டும், வாசலில் சான்று கேட்டவரையும் நிறுத்தட்டும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதினால் இந்தக் கலைஞர்களின் படைப்புகளைப் போடுங்கள். இந்த முறை போட்டிருந்த அந்த விஸ்கி கிளாஸ் படம் எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும்.

ஒரு வாசகி,
கோவை