தக்கலையிலிருந்து மகளுக்கு

மக்களே,

நேற்று ராத்திரி போனை வைத்த பிறகும் வெகுநேரம் திண்ணையிலேயே இருந்தேன். நான் எதைக் கேட்டாலும் நீ "ம்" என்கிறாய். இல்லாவிட்டால் "ஒண்ணும் இல்லேப்பா" என்கிறாய். பின்னால் பிள்ளை வீரிட்டு அழுகிறது, அப்போதும் உன் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மேலே கேட்க எனக்கு நாக்கு எழும்பவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

இங்கே ஐப்பசி மழை விட்டபாடில்லை. கிணற்றில் குனிந்து கையால் மொண்டுவிடலாம் போல் தண்ணீர் கிடக்கிறது. மட்டி வாழை இரண்டு மூடு குலையோடு சாய்ந்துவிட்டது. பழுத்ததைச் சின்னத்தை அடுத்த வீடுகளுக்குக் கொடுத்தாள். வேறு விசேஷம் இல்லை.

முதலில் ஒரு காரியம் செய். ரத்தம் கொடுத்துத் தைராய்டு பார். பிரசவம் கழிந்த முதல் வருஷத்தில் சில பெண்களுக்கு அது கூடும், பிறகு குறையும். குறைந்தால் உடம்பு அசதி, மனது கனம், எதிலும் பிடிப்பு இல்லாமை எல்லாம் வரும். முப்பத்திரண்டு வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவன் சொல்கிறேன், ரத்தம் கொடு. காலையில் மருமகனைக் கூட்டிக்கொண்டே போ.

மருமகன் என்னிடம் பேசினார். அவர் மேல் கோபப்படாதே. "மாமா, அவ ராத்திரி முழுக்க முழிச்சே இருக்கா. பிள்ள தூங்கினாலும் தூங்க மாட்டேங்கா. பால் குடுக்கும்போது செவத்தையே பாக்கா" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அம்மை ஒரு ஆளைப் பாத்து வச்சிருக்கா" என்றார். அந்த ஆள் வீடியோ காலில் உன்னைப் பார்த்துவிட்டு, அந்தி நேரத்தில் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது பேய் பிடித்தது என்று சொன்னாராம். இருபத்தைந்தாயிரம் ரூபாயாம். அமாவாசைக்கு முன்னால் உன்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம்.

நீ வரக்கூடாது. பிள்ளையைக் காட்ட வா, ஓணத்துக்கு வா, எப்போது வேண்டுமானாலும் வா. இதற்கு வராதே.

உன் மாமியாரைக் குறை சொல்லவில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் பயம் இருக்கும். நீ பிறந்தபோது உன் அம்மை தலைமாட்டில் வெட்டுகத்தி வைத்துக்கொண்டு படுத்தாள், நிலையில் வேப்பிலை சொருகினாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு நாவூறு கழிக்கும்போது முச்சந்தி மண் எடுத்துவரச் சொல்வாள். ஹெட்மாஸ்டர் பார்த்துவிடக் கூடாதே என்று விடியுமுன் போய் எடுத்து வந்திருக்கிறேன். ஆடிச் செவ்வாய் தவறாமல் அவளை ஸ்கூட்டரில் வைத்து முப்பந்தல் இசக்கியிடம் கொண்டுபோனதும் நான்தான். காற்றாலைகள் இவ்வளவு பெருகுவதற்கு முன்பிருந்தே போகிறோம். இசக்கிக்குக் கையில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை. நீ சின்னதில் அதைக் கண்டு பயந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "ஏம்ப்பா பிள்ளைய கடிக்கா?" என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இப்போது தோன்றுகிறது: பெற்ற வயிற்றுக்குள் அப்படியும் ஒரு இருட்டு வரும் என்று இந்த ஊர்ப் பெண்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அதை மறைக்காமல் கல்லில் வடித்து, வளையலும் மரத்தொட்டிலும் கொண்டுவைத்தார்கள். அதற்கு என் மனதில் மரியாதை உண்டு. நேர்ச்சை இருந்தால் உன் மாமியார் செய்யட்டும், நானும் கூட வருகிறேன்.

பத்தாம் வகுப்பில் நீ ஒருநாள் என்னை மடக்கினாய், ஞாபகம் இருக்கிறதா? பார்வதிபுரத்துப் பக்கம் கள்ளியங்காட்டு நீலி கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். "நீங்க நம்புறீங்களா இல்லியா? நாவூறு உண்டு, யட்சி இல்லேண்ணா எப்படி? கோடு எங்க போட்டிருக்கீங்க?" என்று கேட்டாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் சொன்னேன். ஆனால் உனக்குப் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாமல் இல்லை, சொல்லக் கூசியது. அதை இன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

தைராய்டு பார்க்கச் சொன்னேன் அல்லவா. அதோடு மனநல டாக்டரையும் பார். கடைசியில் எழுதிவிட்டேன்.

1988. உன் அம்மை இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு. சின்னத்தை பிரசவத்துக்கு வந்து பிள்ளை பெற்றுப் பன்னிரண்டாம் நாள். நாலு ராத்திரி அவள் கண் மூடவில்லை. பிள்ளையை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றாள். கிணற்றடியில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றாள். ஐந்தாம் நாள் பிள்ளையைத் தொட மாட்டேன் என்று தள்ளி வைத்தாள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இது வரும், வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், மருந்தில் தெளிந்துவிடும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. ஆனால் பேய் இல்லை என்பது அன்றே தெரியும், மக்களே. அந்த வயதில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் என்றால் எனக்கு உயிர். திருவல்லாவில் பிறந்து இலங்கைக்குப் போய் வாத்தியார் வேலை பார்த்த மனிதர். மோசடிக்கு வழியில்லாத இடத்தில் ஒரு அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று அறிவித்தார். 1978ல் அவர் சாகும்வரை ஒருவர்கூட அதை வாங்கவில்லை. வகுப்புக்கு வகுப்பு இதைச் சொல்வேன். செய்தும் காட்டுவேன். கத்தியில் செம்பரத்திப் பூவை நன்றாகத் தேய்த்துக் காயவிட்டு எலுமிச்சங்காயை அறுத்தால், புளிப்பு பட்டதும் சாறு ரத்தமாக வழியும். அதற்குப் பூப் பறித்துத் தந்தது யார்? சின்னத்தைதான். பாவாடை கட்டிய வயதில் "அண்ணா, இன்னைக்கு ரத்தம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டு ஓடிவருவாள்.

பேயோட்ட வந்தவனும் அன்று எலுமிச்சங்காயைத்தான் அறுத்தான். சிவப்பாக வழிந்தது. கூடியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கத்தியில் என்ன தேய்த்திருக்கிறான் என்று அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவன் நான். இன்னொருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை குழப்பத்திலும் அந்த ஒரு நிமிஷம் அவள் கண் தெளிந்திருந்தது. நான் சொல்வேன் என்று பார்த்தாள்.

நான் சொல்லவில்லை. அவள் இரண்டு கையையும் பின்னால் சேர்த்துப் பிடித்தேன். மிளகாய்ப் புகை போட்டான். பிரம்பால் அடித்தான். அவள் கத்தினால் பேய் கத்துகிறது என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பேய் பிடிவாதம் பிடிக்கிறது என்றான். சுசீந்திரத்தில் ஒரு காலத்தில் கைமுக்கு என்று இருந்ததே. குற்றம் சாட்டப்பட்டவன் கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும், கை வெந்தால் குற்றவாளி. அதையே சுவாதித் திருநாள் ராஜா நிறுத்திவிட்டார். ராஜா நிறுத்தி நூற்றைம்பது வருஷம் கழிந்து, பி.எஸ்ஸி., பி.எட். படித்தவன் தன் வீட்டு முற்றத்தில் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூலி அறுநூறு ரூபாய். என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். அவள் முழங்கைத் தழும்பு அடுப்பில் பட்டது என்று உன்னிடம் சொன்னது பொய்.

ஏன் செய்தேன்? நம்பிச் செய்திருந்தால் எனக்கே என்னை மன்னிக்க முடியும். நான் நம்பவில்லை. பேய் என்றால் ஓட்டிவிட்டோம் என்று சொல்லிப் புருஷன் வீட்டுக்கு அனுப்பலாம். பைத்தியம் என்றால் அந்தப் பேர் ஒட்டிக்கொள்ளும், அவளைத் திருப்பி எடுக்க மாட்டார்கள், எனக்கும் பெண் கிடைக்காது. இதுதான் கணக்கு. நீ கேட்ட கோடு அங்கே கிடந்தது, மக்களே. எது உண்மை என்று பார்த்து நான் அதைப் போடவில்லை. எந்தப் பேரை ஊரில் வாய்விட்டுச் சொல்ல முடியும் என்று பார்த்துப் போட்டேன்.

அதுவும் பலிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு சர்க்கார் டாக்டரிடம் கொண்டுபோனோம். மாத்திரை கொடுத்தார், தூங்கினாள். மூன்று மாதத்தில் பழைய ஆளாகிவிட்டாள். அதற்குள் அவர்கள் பிள்ளையை வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பிள்ளையின் கல்யாண அழைப்பிதழ் அவளுக்குத் தபாலில் வந்ததுதான் உனக்குத் தெரியுமே. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்த செய்தி வந்த அன்று பேப்பரை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். அவள் முற்றத்தில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் வீட்டில் பேப்பர் போடவில்லை. நீ ராசிபலனுக்கு அழுதாய்.

உன் மாமியார் வீட்டில் வாதம் வந்தால் ஒன்று சொல். நட்டாலத்து தேவசகாயம் பிள்ளையை 2022ல் போப் புனிதராக்கினார். அதற்கு எடுத்துக்கொண்ட அற்புதம், வயிற்றுக்குள் துடிப்பு நின்றுபோன பிள்ளை பிழைத்தது. அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. டாக்டர்களின் குறிப்பையெல்லாம் வரவழைத்து, வேறு டாக்டர்களை வைத்துப் பார்த்தபிறகுதான் ஏற்றார்கள். அற்புதத்தை நம்புகிறவர்களே முதலில் டாக்டரைக் கேட்கிறார்கள். நாமும் முதலில் டாக்டரைக் கேட்போம், பிறகு முப்பந்தலுக்குப் போவோம் என்று சொல்.

உனக்கு வந்திருப்பது சின்னத்தைக்கு வந்ததுதான் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற பத்துப் பேரில் ஒருத்திக்குக் குறையாமல் இந்த மனக்கனம் வரும் என்கிறார்கள். முதல் இரண்டு வாரத்து அழுகை தானே போய்விடும், அதற்குமேல் நீடித்தால் வைத்தியம் வேண்டும். உனக்கு மூன்று மாதமாகிறது. உன் பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துப் பார்க்கிற வார்டு உண்டு. பிரிக்காமல் என்பதை இரண்டு தரம் படி. பிள்ளையை எடுத்துவிடுவார்கள் என்று பயந்துதான் நீ வாய் திறக்கவில்லையோ என்று எனக்கு ஒரு எண்ணம். நடுராத்திரி என்றால் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய், தமிழில் பேசலாம். பிள்ளையையோ உன்னையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் அந்த நிமிஷமே மருமகனை எழுப்பு. அப்படித் தோன்றுவது நோய், நீ கெட்ட தாய் இல்லை. ரத்தமும் கொடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்கு நீ இங்கேதான் வந்திருக்க வேண்டும். அம்மை இல்லாத வீட்டில் ஆண்பிள்ளை எப்படிப் பார்ப்பேன் என்றேன். "சின்னத்தை இருக்காளே" என்றாய். சரிப்படாது என்று சொல்லிவிட்டேன். உன் மாமியார் வீட்டில் அவள் பழங்கதையைக் கிளறுவார்களே என்ற பயம். இரண்டாம் தடவையும் அதே இடத்தில் கோடு போட்டேன். அவள் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இவ்வளவையும் இன்று மத்தியானம் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு, "பிரம்பு இல்லண்ணா. புளிய விளாறு" என்றாள். எழுதியதை அடிக்கப் போனேன். "கெடக்கட்டும், அடிக்காண்டாம். அவளுக்குப் பகல்லயாவது ஒறக்கம் வருதாண்ணு கேளு" என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து ரயில். இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன், இரண்டும் கீழ்ப் படுக்கை. ராத்திரி பிள்ளையைத் தன்னிடம் விட்டுவிட்டு நீ உறங்க வேண்டும் என்கிறாள் சின்னத்தை. உளுந்தும் கருப்பட்டியும் எடுத்துக் கட்டியாகிவிட்டது. மருமகன் ஸ்டேஷனுக்கு வரவேண்டாம். அந்த நேரத்தில் அவர் உன் பக்கத்தில் இருக்கட்டும், நாங்கள் ஆட்டோ பிடித்து வந்துகொள்கிறோம்.

அப்பா