வெரிலாக் கோப்புகளைக் குவித்து வைத்தால் பெஞ்ச்மார்க் ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிப் தயாரிப்பு நிறுவனமான ஸ்கைவாட்டரின் 130 நானோமீட்டர் தயாரிப்பு விவரங்கள் 2020-ல் பொதுவெளிக்கு வந்தன. அதிலிருந்து யோசிஸ், ஓப்பன்ரோட் போன்ற இலவச மென்பொருள்களை வைத்தே வெரிலாக்கில் (சுற்றை விவரிக்கும் மொழி) தொடங்கி லேஅவுட் (சிப்பின் இறுதி வரைபடம்) வரை யாரும் போய்விட முடிகிறது. கூடவே, 'எங்கள் முறையில் பரப்பு இவ்வளவு குறைந்தது, வேகம் இவ்வளவு கூடியது' என்ற அறிவிப்புகளும் பெருகிவிட்டன. சரிபார்க்கலாம் என்று உட்கார்ந்தால் கையில் கிடைப்பது பெரும்பாலும் சில வெரிலாக் கோப்புகள்தான். எந்தக் கிளாக் (சுற்றை இயக்கும் துடிப்பு) வேகத்துக்கு, மென்பொருளின் எந்தப் பதிப்பில் ஓட்டினார்கள் என்ற தகவல் இருப்பதில்லை.

இன்னொரு பழக்கம், 1985-ல் வந்த இஸ்காஸ் என்ற சோதனைச் சுற்றுகளின் தொகுப்போடு நின்றுவிடுவது. அதில் மிகச் சிறியதான சி17-ல் இருப்பவை 6 நேண்ட் கேட்டுகள் (அடிப்படை லாஜிக் உறுப்புகள்). பெரியதான சி7552-ல் 3,512 கேட்டுகள். சோதனை முறைகளைக் கற்க இவை இன்றும் நல்லவை. ஆனால் இவற்றில் ஃப்ளிப்-ஃப்ளாப் (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் உறுப்பு) இல்லை, கிளாக் இல்லை, மெமரி இல்லை. கிளாக் மரம் (கிளாக்கைச் சிப் முழுவதும் கொண்டுசெல்லும் கிளை அமைப்பு) அமைக்கும் திறனையோ மெமரி பிளாக்குகளை அடுக்கும் திறனையோ இவற்றை வைத்து அளக்க முடியாது.

நல்ல பெஞ்ச்மார்க் தொகுப்பில் (கருவிகளை ஒப்பிடப் பயன்படும் பொதுச் சோதனை டிசைன்கள்) அளவு படிப்படியாக ஏற வேண்டும். சில நிமிடங்களில் முடியும் ஜிசிடி (மீப்பெரு பொது வகுத்தி காணும் சிறு சுற்று), நடுத்தரத்துக்கு ஏஇஎஸ் (மறையாக்கச் சுற்று), ஐபெக்ஸ் (சிறு செயலி), கனமானதற்கு 133 மெமரி பிளாக்குகள் கொண்ட ஏரியான்133 (பெரிய செயலி) என்று ஓப்பன்ரோடின் தொகுப்பு இப்படித்தான் அமைந்திருக்கிறது. சின்னவற்றை ஒவ்வொரு கமிட்டுக்கும் (பதிவு செய்யப்படும் நிரல் மாற்றம்) ஓட்டலாம், பெரியவற்றை இரவில் ஓட்டினால் போதும்.

ஒவ்வொரு டிசைனுக்கும் தனிக் கோப்புறை வேண்டும். அதில் மூல வெரிலாக், அது எங்கிருந்து எந்தக் கமிட்டில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு, உரிமக் கோப்பு, கிளாக் நிபந்தனைகளைச் சொல்லும் எஸ்டிசி கோப்பு, அமைப்புக் கோப்பு, எதிர்பார்க்கும் முடிவுகளின் வரம்பு ஆகியவை இருக்க வேண்டும். யோசிஸால் படிக்க முடியாத சிஸ்டம்வெரிலாக்கை (வெரிலாக்கின் விரிந்த வடிவம்) மாற்றித் தருவதாக இருந்தால், மூலத்தையும் மாற்றிய ஸ்கிரிப்ட்டையும் சேர்த்தே வையுங்கள். கையால் திருத்திய கோப்பை அடுத்த பதிப்பு வரும்போது யாராலும் புதுப்பிக்க முடியாது.

எஸ்டிசி கோப்பை ஒரு தொழில்நுட்பத்திலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஸ்கை130-ல் (மேலே சொன்ன ஸ்கைவாட்டர் தொழில்நுட்பம்) நேரத்தின் அலகு நானோசெகண்ட், ஏசாப்7-ல் (ஆய்வுக்கான 7 நானோமீட்டர் மாதிரித் தொழில்நுட்பம்) பிகோசெகண்ட். ஸ்கை130-ல் கிளாக்கின் சுற்றுக்காலம் 10 என்று எழுதியிருந்தால் 100 மெகாஹெர்ட்ஸ். அதே 10 ஏசாப்7-க்கு வந்தால் 100 கிகாஹெர்ட்ஸ்! மென்பொருள் பிழை எதுவும் சொல்லாது. எட்டவே முடியாத அந்த வேகத்தைத் துரத்தி பஃபர்களை (சிக்னலை வலுப்படுத்தும் உறுப்புகள்) சொருகிக்கொண்டே போகும். கடைசியில் வரும் பரப்புக்கு எந்தப் பொருளும் இல்லை.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. மேல் மாட்யூலின் ஒரு வெளியீட்டை இணைக்காமல் விட்டாலோ, ரீசெட் மாறிலியோடு கட்டப்பட்டிருந்தாலோ, யாருக்கும் பயன்படாத லாஜிக் என்று சிந்தசிஸ் (வெரிலாக்கைக் கேட்டுகளாக மாற்றும் படி) அதை அழித்துவிடும். ஆயிரக்கணக்கான செல்கள் (கேட், ஃப்ளிப்-ஃப்ளாப் போன்ற ஆயத்த உறுப்புகள்) இருக்க வேண்டிய இடத்தில் முப்பதோ நாற்பதோ மிஞ்சும். ஓட்டம் என்னவோ வெற்றி என்றே முடியும். அதனால் செல் எண்ணிக்கைக்கு மேல்வரம்பு மட்டும் வைத்தால் போதாது, கீழ்வரம்பும் வேண்டும். மெமரியையும் கவனிக்க வேண்டும். 1,024 சொற்கள், சொல்லுக்கு 32 பிட் என்று எழுதிய மெமரிக்கு உரிய மேக்ரோவை, அதாவது ஆயத்த மெமரி பிளாக்கை, தராவிட்டால், 32,768 ஃப்ளிப்-ஃப்ளாப்களாக அது விரிந்துவிடும். குறிப்பிட்ட பிட் அளவைத் தாண்டினால் ஓட்டம் உடனே நிற்கும்படி அமைப்பதே நல்லது.

அடுத்து, ஓட்டத்தின் படிகளை மேக் என்ற கருவிக்குச் சொல்லும் மேக்ஃபைல். மேக் பார்ப்பது கோப்புகளின் நேரத்தை மட்டுமே. கட்டளை வரியில் கிளாக் அளவை மாற்றிக் கொடுத்தாலும் அதற்குத் தெரியாது. பழைய முடிவையே புதியதுபோல் நீட்டும். ஒப்பீட்டு அட்டவணையில் இரண்டு வரிசைகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மாறிகளை ஒரு கோப்பில் எழுதி, உள்ளடக்கம் மாறினால் மட்டும் அந்தக் கோப்பைப் புதுப்பித்து, சிந்தசிஸை அதைச் சார்ந்திருக்கச் செய்தால் தீர்ந்தது. கோப்புப் பட்டியலை வைல்ட்கார்டு (*.v போல) போட்டுச் சேர்ப்பதையும் தவிர்க்கலாம். க்னூ மேக் 3.82 முதல் 4.2 வரை அந்த வரிசை உறுதியானது அல்ல, 4.3-ல்தான் மீண்டும் அகரவரிசைக்கு வந்தது. வரிசை மாறினால் சிந்தசிஸ் முடிவும் சற்று மாறலாம். பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிவிடுவதே நிம்மதி. மென்பொருள்களை மொத்தமாகப் பொதிந்து தரும் டாக்கர் இமேஜையும் 'லேட்டஸ்ட்' என்று குறிப்பிடாமல், அதன் ஹேஷ் எண்ணால் குறிப்பிட வேண்டும்.

பிளேஸ்மென்ட்டையோ (செல்களை இடத்தில் வைப்பது) ரூட்டிங்கையோ (கம்பிகளால் இணைப்பது) ஒப்பிடுகிறவர்கள் சிப்பின் பரப்பை, செல்கள் நிரப்பும் சதவீதத்தில் தரக் கூடாது. சிந்தசிஸில் நூறு செல் குறைந்தால் சிப்பும் சுருங்கும், கம்பி நீளமும் மாறும். எதனால் என்ன மாறியது என்று பிரிக்க முடியாமல் போகும். நீள அகலத்தை எண்களாகவே நிலையாக வையுங்கள். ஒரே ஒரு ஓட்டத்தை நம்புவதும் தவறு. கிளாக் அளவைத் துளி அசைத்தாலே பிளேஸ்மென்ட் வேறு பாதையில் போய்விடும். குறைந்தது ஐந்து ஓட்டங்கள் ஓட்டி, நடுமதிப்பையும் இரு எல்லைகளையும் தர வேண்டும். உண்மையான சிக்னல் மாற்றங்களைப் பதிவு செய்யாமல், கருவி தானாக ஊகித்துச் சொல்லும் மின்செலவை அட்டவணையில் சேர்க்காமல் விடுவதே நேர்மை.

வரம்புக் கோப்பைத் திருத்துவதற்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். முடிவு மோசமாகும்போது, நிரல் மாற்றத்தோடு சேர்த்து வரம்பையும் சத்தமில்லாமல் தளர்த்திவிடுகிறார்கள். வரம்பு மாற்றம் தனிக் கமிட்டாக, காரணத்தோடு, இன்னொருவர் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும்.

இத்துறையில் முடிவுகளை வெளியிடும் ஆசிரியர்களும் மாணவர்களும் அட்டவணையோடு இந்தக் கோப்புறையையும் சேர்த்தே வெளியிட வேண்டும். ஒரே கட்டளையில் அது ஓடுகிறதா என்று, வேறொரு கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிப் வடிவமைப்புத் துறையினர் சிலர்